ஒரு வாரம், ஆறு வாரம், ஓராண்டு: உள்ளடக்கிய கல்விக்கு ஆசிரியரை ஆயத்தப்படுத்திய வரலாறு

இந்தியாவில் உள்ளடக்கிய கல்வியின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின், திட்டங்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது: 1974இல் திட்டம், 1995இல் சட்டம், 2009இல் இன்னொன்று, 2016இல் மற்றொன்று. குழந்தையின் உரிமை எப்படி விரிந்தது என்பது அந்த வரிசையில் தெரிகிறது. அந்தக் குழந்தையின் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு யார், எங்கே, எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது தெரிவதில்லை. இக்கட்டுரை இந்தக் கேள்வியையே பின்தொடர்கிறது. இதன் வாதம் எளிது. பொது ஆசிரியருக்கான பயிற்சியும் சிறப்பாசிரியருக்கான பயிற்சியும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வாய்க்கால்களில் ஓடின. 1987இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் மட்டும் இரண்டையும் ஒரே ஏணியின் படிகளாக அமைத்துப் பார்த்தார்கள். அந்த ஏணி கைவிடப்பட்டதன் விளைவை இன்றும் காண்கிறோம்.

தொடக்கம் மிஷன் பள்ளிகளில். பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காதுகேளாதோருக்கும் பள்ளி அமைத்தனர். 1893இல் கல்கத்தாவில் காதுகேளாதோர் பள்ளி எழுந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான யாமினிநாத் பானர்ஜி கற்பிக்கும் முறையைக் கற்க இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்வர வேண்டியிருந்தது. மற்றவர்கள் மூத்த ஆசிரியரின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகினார்கள். குருகுல வழி என்று இதைப் புகழலாம்; ஆனால் அந்தத் திறமை பள்ளியின் சுற்றுச்சுவரைத் தாண்டவில்லை. பாளையங்கோட்டையில் பிரெயில் நன்கு தெரிந்த ஆசிரியர் இருந்ததால், பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு எந்தப் பயனும் விளையவில்லை. 1944இன் சார்ஜென்ட் அறிக்கை, இக்குழந்தைகளின் கல்வி தேசியக் கல்வி அமைப்பின் பகுதியாக வேண்டும் என்றது. அறிக்கை அறிக்கையாகவே இருந்தது.

விடுதலைக்குப் பின் வந்தவற்றில் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. தமிழும் அதில் அடங்கும். அச்சில் ‘கொ’ எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னும் துணைக்கால் பின்னுமாக ககரத்தைச் சூழ்ந்து நிற்கும். பிரெயிலில் ககரக் கட்டம் முதலில், ஒகரக் கட்டம் அடுத்து, அவ்வளவுதான். அச்சில் மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளியோ, பிரெயிலில் எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வந்துவிடுகிறது. எழுத்தாணியால் குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். கணக்குக்கு டெய்லர் சட்டம். அதன் ஒவ்வொரு குழியும் எட்டு மூலை கொண்டது. அதில் நிறுத்தும் சிறு உலோகக் கட்டையின் இரு முனைகளும் வெவ்வேறானவை. ஆகவே ஒரு கட்டையால் 16 குறிகளைக் காட்டலாம். கருவி மலிவு, கற்கவும் கூடியது. ஆனால் சனிக்கிழமை ஒருநாள் கூட்டத்தில் கற்றுவிடக் கூடியதன்று. பயிற்சியின் கால அளவு பற்றிய வாதம் எதுவும் இந்தத் தரையில் கால் ஊன்றித்தான் பேச வேண்டும்.

கோத்தாரி ஆணையம் (1964-66) மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வியைப் பொதுக்கல்வியிலிருந்து பிரிக்க முடியாத பகுதி என்றது. 1974இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. அதை நடத்தியது கல்வித் துறை அல்ல, சமூக நலத் துறை. 1982இல்தான் கல்வித் துறைக்கு மாறியது. இந்த எட்டாண்டுத் தாமதத்தைச் சிறிய நிர்வாகச் செய்தியாக ஒதுக்க இயலாது. நலத்துறையின் பொறுப்பில் இருந்தவரை அந்தக் குழந்தை பயனாளி. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அது தம் வேலையாகவே தோன்றவில்லை. திட்டத்தின் வேலைமுறையும் அதற்கு ஏற்றதே. ஒரு பள்ளியில் வள அறை, அதில் ஒரு வள ஆசிரியர், சில குழந்தைகள். பக்கத்து வகுப்பறை ஆசிரியர் தம் பாட்டுக்குப் பாடம் நடத்தினார். வள ஆசிரியர் விடுப்பில் போனால் அன்று அந்தக் குழந்தைக்கும் விடுப்பு.

1987இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், யுனிசெஃப் துணையுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த கல்விச் செயல்திட்டம் இங்கிருந்து விலகியது. தனிப் பள்ளியை விட்டு ஒரு வட்டாரம் முழுவதையும் அது அலகாக எடுத்துக்கொண்டது. தேர்ந்த பத்து இடங்களில் தமிழ்நாட்டு வட்டாரமும் ஒன்று. வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளும் எல்லாக் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும். ஆகவே எல்லா ஆசிரியரும் ஏதோ ஓர் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த அளவுக்கு என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடைதான் இந்த வரலாற்றின் ஆகச்சிறந்த பகுதி என்பேன்.

முதல் படி, வட்டாரத்தின் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வாரம். இரண்டாம் படி, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஆறு வாரம். மூன்றாம் படி, வட்டாரத்துக்கு எட்டு முதல் பத்துப் பேரை மண்டலக் கல்வியியல் கல்லூரிக்கு அனுப்பி ஓராண்டுப் பயிற்சி. அந்த ஓராண்டும் ஒரே ஒரு குறைபாட்டுக்கானது அன்று. பார்வை, செவி, அறிவுவளர்ச்சி எனப் பலவற்றையும் சேர்த்துக் கற்பிப்பது. ஒரு வாரம் பயின்றவரால் பிரெயில் எழுத முடியாது. ஆனால் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதவும், செவித்திறன் குறைந்த குழந்தைக்கு முகம் காட்டிப் பேசவும், எப்போது யாரை அழைக்க வேண்டும் என்று அறியவும் முடியும். ஆறு வாரம் பயின்றவர் தம் பள்ளியிலும் அக்கம்பக்கப் பள்ளிகளிலும் கைகொடுப்பார். அவராலும் ஆகாதது ஓராண்டு பயின்றவரிடம் போகும். அந்த மூவரும் ஒரே வட்டாரத்தில் இருப்பவர்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள். இத்திட்டத்தின் வலிமை பாடத்திட்டத்தில் இருந்ததைவிட இந்த அறிமுகத்தில்தான் அதிகம் இருந்தது.

அதையடுத்து இன்னொரு முயற்சி. ‘வகுப்பறையில் சிறப்புத் தேவைகள்’ என்ற பெயரில் யுனெஸ்கோ ஓர் ஆசிரியப் பயிற்சி வளத்தொகுப்பை மெல் ஐன்ஸ்கோ தலைமையில் உருவாக்கி எட்டு நாடுகளில் சோதித்தது. இந்தியாவும் அவற்றில் ஒன்று. இங்கு என்.கே. ஜங்கிரா முன்னின்று அதைப் பல இடச் செயலாய்வாக விரித்தார். குறை குழந்தையிடம் இருக்கிறது என்று தொடங்காமல், பாடம் அமைந்த விதத்தில் இருக்கிறதா என்று ஆசிரியர்கள் கூடிப் பேசிப் பார்ப்பது அதன் வழி. 1994இல் 92 அரசுகள் கூடிய சலமாங்கா மாநாடு உலகுக்குச் சொன்னதை, இங்கே சில நூறு ஆசிரியர்களாவது முன்பே செய்துபார்த்திருந்தார்கள்.

பிறகு வந்தது பிளவு. 1992இல் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டமும், 1993இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டமும் நிறைவேறின. சிறப்பாசிரியர் பயிற்சி முந்தியதன் கையில், பொது ஆசிரியர் பயிற்சி பிந்தியதன் கையில். மறுவாழ்வுக் கழகத்தின் நோக்கத்தைக் குறைசொல்ல இயலாது. தகுதியற்றவர்கள் கடை விரித்திருந்த துறையில் அது பதிவேட்டைக் கொண்டுவந்தது, பாடத்திட்டத்தைத் தரப்படுத்தியது. பதிவின்றித் தொழில் செய்வதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆனால் பட்டங்கள் குறைபாட்டுவாரியாகப் பிரிந்தன. செவித்திறன் குறைபாட்டில் பி.எட். முடித்தவர் வட்டாரத்துக்கு நியமிக்கப்படுவார். அங்கே அவருக்காகக் காத்திருப்பது மூளைமுடக்குவாதக் குழந்தை. மறுபுறம், பொது பி.எட். மாணவருக்குச் சிறப்புக் கல்வியே எட்டவில்லை. 2005இல் இரு அமைப்புகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் இவ்விரண்டின் பாடத்திட்டங்களிடையே கூடுதல் இணக்கம் வேண்டும் என்று எழுதியது. பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் அதையே எழுத நேர்ந்ததிலிருந்து ஒப்பந்தம் எவ்வளவு நடந்தது என்று விளங்கும்.

அனைவருக்கும் கல்வி இயக்கம் எண்ணிக்கையைப் பெருக்கியது. எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பாதே என்ற கொள்கை, வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர், 90 நாள் அடிப்படைப் பயிற்சி எல்லாம் அப்போது வந்தவை. நிதியோ குழந்தைக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய், பின்னர் 3,000. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 3,500. அடையாளம் காணுதல், உதவிக் கருவி, சாய்தளம், ஆசிரியர் பயிற்சி என எல்லாத் தேவையும் இந்தத் தலைவீத ஒதுக்கீட்டையே எதிர்பார்த்தன. பயிற்சியும் சக்கர நாற்காலியும் ஒரே தொகைக்குப் போட்டியிட்டால் நாற்காலிதான் வெல்லும், வெல்லவும் வேண்டும். அதனால் பயிற்சி கருத்தாளர் முறைக்குச் சுருங்கியது. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்கு, மாவட்டக் கருத்தாளர் வட்டாரத்துக்கு, அங்கிருந்து பள்ளிக்கு. ஒவ்வொரு படியிலும் நாள் குறைந்தது. கடைசியில் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் கையேடும் வருகைப் பதிவேடும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகளுக்குப் பின் இரண்டாண்டாக நீண்ட பி.எட். படிப்பில் ‘உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்’ என்ற தாள் நுழைந்தது நல்ல மாற்றம். ஆனால் அது அரைத்தாள். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரைத்தாளில் அவற்றின் வரையறையைக் கற்று முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும். 2019இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா, 42 லட்சம் ஆசிரியர்களை எட்டுவதை இலக்காகக் கொண்டது; இணையவழிப் பாடங்களும் தொடர்ந்தன. வளங்கள் முன்னெப்போதையும்விட இன்று அதிகம். சைகைமொழிக் காணொளிகள் கிடைக்கின்றன, தொடக்கநிலைச் சோதனைக்கான பிரஷஸ்த் செயலி உண்டு. ஆனால் செயலி ஒரு குழந்தையைச் சுட்டிக்காட்டிய மறுநாள் என்ன செய்வது என்று ஆசிரியர் கேட்டால், பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டும். ஆறு வாரம் பயின்ற அந்தப் பத்தில் ஒருவர்தான் அந்த ஆள். அவரை நாம் 1990களிலேயே தொலைத்துவிட்டோம்.

2021 அக்டோபரில், ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடக்கநிலையில் 10 குழந்தைகளுக்கும் அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை வகுத்தது. 2009இல் இடைநிலைக் கல்விக்கான மத்தியத் திட்டம் ஐவருக்கு ஒருவர் என்று சொல்லியிருந்தது நினைவுகூரத்தக்கது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவிக்கவும், ஒப்பந்தத்தில் நீண்டகாலம் பணியாற்றுவோரின் தகுதியை ஆராய்ந்து முறைப்படுத்தவும் மாநிலங்களுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. ஊடகங்கள் விகிதத்தை எழுதின. மற்ற ஆசிரியர்களுக்கும் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்று 2021 தீர்ப்பிலேயே சொல்லப்பட்டிருந்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

பணியிடங்கள் நிரம்பட்டும். ஆனால் எந்த விகிதத்திலும் சிறப்பாசிரியர் ஒரு வகுப்பில் நாள் முழுதும் இருக்கப்போவதில்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான திட்டமும் அந்த 1987இல்தான் பிறந்தது. ஆறு வாரப் பயிற்சியை அங்கே மீண்டும் தொடங்கப் புதுச் சட்டம் தேவையில்லை. தலைவீத நிதியிலிருந்து பிரித்து அதற்கெனத் தனி ஒதுக்கீடும், பயிலும் ஆசிரியருக்கு மாற்றாக ஆறு வாரம் வகுப்பெடுக்க ஓர் ஆளும் போதும். மாநில அரசு இதையாவது வரும் கல்வியாண்டில் ஒரு மாவட்டத்தில் தொடங்க வேண்டும்.