குளிருக்குக் கடிவாளம்

பவேரியாவில் ஒரு காலத்தில் கோடை முழுக்கப் பீர் காய்ச்சக் கூடாது. 1553இல் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் போட்ட ஆணை அது. ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும். செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள் வந்த பிறகுதான் மறுபடி மூட்டலாம். பக்தியினால் வந்த ஆணை இல்லை இது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனது, அவ்வளவுதான். ஏன் கெடுகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வெயிலோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பது மட்டும் தெரிந்திருந்தது. வெப்பத்தைக் கட்டுப்படுத்த அவர்களிடம் இருந்த ஒரே கருவி நாள்காட்டி. 1850 வரைக்கும் அந்தத் தடை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

காரணம் இன்று பள்ளிப் பாடம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. கூடவே வெப்பத்தையும் தருகிறது. நொதித்தல் மும்முரமாக நடக்கும்போது தொட்டிக்குள் இருக்கும் சூடு அறையின் சூட்டைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஏல் வகைப் பீருக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் ஒத்துவரும். லாகருக்கு 8 முதல் 13 போதும். அளவு மீறினால் வாழைப்பழ வாசனையும், அதற்கும் மேலே போனால் பெயின்ட் தின்னர் நெடியும் வரும். மிகவும் குறைந்தால் ஈஸ்ட் வேலையை நிறுத்திவிட்டு அடியில் படிந்துவிடும்.

தடைக்குப் பயந்த பவேரியர்கள் குளிர்காலத்திலேயே கோடைக்கும் சேர்த்துக் காய்ச்சினார்கள். அதை வைக்க நிலவறை தோண்டினார்கள். ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டி வந்து உள்ளே அடுக்கினார்கள். வெயில் மண்ணைச் சுடாமல் இருக்க நிலவறையின் மேல் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் மேசை போட்டு விற்கத் தொடங்கியதுதான் மியூனிக்கின் புகழ்பெற்ற பீர்த் தோட்டங்களாக வளர்ந்தது. சுற்றுலாக் கையேடுகள் சொல்லும் ‘மரபு’ பலவற்றுக்கும் பின்னால் இப்படி ஏதோ ஒரு சேமிப்புக் கிடங்குப் பிரச்சினை இருக்கும்.

லண்டன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். மைக்கேல் கொம்ப்ரூன் என்ற பீர் உற்பத்தியாளர் 1750களிலேயே வெப்பமானியைக் கையில் எடுத்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அதுவரை வெந்நீரில் விரலை விட்டுப் பார்த்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அடுத்த நூற்றாண்டில் தொட்டிக்குள் குழாய்ச் சுருளை இறக்கிக் குளிர்ந்த நீரை ஓடவிடும் முறை பரவியது. வெப்பமும் எந்திர வேலையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று நிறுவிய ஜேம்ஸ் ஜூல், சால்ஃபோர்டு நகரத்துப் பீர்த் தொழிற்சாலைக் குடும்பத்தின் பிள்ளை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். டிகிரியின் சிறு பின்னத்தைக்கூட விடாமல் அளந்தவர் அவர்.

குளிரை எந்திரமாக்கியவர் கார்ல் ஃபான் லிண்டே. மியூனிக் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். குளிர்பதனம் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் பீர்த் தொழில் செய்தவர்களின் கண்ணில் பட்டன. ஸ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் செடல்மயர், சோதனை செய்து பார்க்கத் தம் ஆலையிலேயே இடம் கொடுத்தார். 1870களில் அங்கே ஓடிய முதல் எந்திரத்தில் மெத்தில் ஈதர் பயன்பட்டது. அது கசிந்து தொல்லை கொடுத்தது. அடுத்ததில் அம்மோனியாவுக்கு மாறினார், எந்திரம் நிலைத்தது. 1879இல் தனி நிறுவனமே தொடங்கிவிட்டார். பெரிய வாடிக்கையாளர்கள் யார்? பீர் ஆலைகள்தான். இன்று வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் தத்துவம் வளர்ந்தது பாலுக்காகவோ காய்கறிக்காகவோ அல்ல. 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்த்ததும், லாகர் உலகம் முழுக்கப் பரவ வழி திறந்தது. பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டி அனுப்பிய ஃபிரெடரிக் டியூடரின் வியாபாரம் படுத்ததும் அந்தக் காலத்தில்தான். அந்தப் பனிக்கட்டியை வைக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது, விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில்.

வரலாற்றில் குளிரை உண்டாக்கியவர்களுக்குத்தான் சிலை. குளிரைப் பார்த்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் கருவியைச் செய்தவர்களை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. ஆனால் பீர் விஷயத்தில் பின்னவர்களின் வேலைதான் பெரிது.

அந்த வரிசையில் முதல் ஆள் கொர்னேலிஸ் டிரெபெல். இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் ஆதரவில் வாழ்ந்த டச்சுக்காரர். கோழிமுட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். அது காற்றுத் துவாரத்தை மூடும். நெருப்பு தானாக அடங்கும். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதே இல்லை. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1830இல், ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை சூட்டில் வளைவதை வைத்துக் காப்புரிமை வாங்கினார். தெர்மோஸ்டாட் என்ற பெயரும் அவர் வைத்ததே.

மூன்றாமவர் வாரன் ஜான்சன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பேராசிரியர். அறை குளிர்கிறதா சுடுகிறதா என்று பார்க்க ஊழியர் அடிக்கடி வகுப்புக்குள் நுழைவது அவருக்கு எரிச்சலூட்டியது என்பார்கள். அறையின் சூட்டை நிலவறையில் இருப்பவருக்கு மணியடித்துச் சொல்லும் மின்கருவி செய்து 1883இல் காப்புரிமை பெற்றார். 1885இல் மில்வாக்கி நகரத்தில் நிறுவனம் தொடங்கினார். பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர் என்று ஜெர்மானியர் நடத்திய பீர் ஆலைகளால் பெயர் பெற்ற ஊர் அது.

பிறகு வந்தது அமெரிக்க மதுவிலக்கு, 1920 முதல் 1933 வரை. விலக்கு நீங்கியபோது வீட்டில் வைன் தயாரிக்க அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் தீர்த்தது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். அதே ஆண்டு டிசம்பரில் கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பபேசியனும் சார்லி மாட்ஸனும் வீட்டுப் பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக வந்த அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன.

சட்டம் காய்ச்ச விட்டது, நிலவறையைக் கொடுக்கவில்லை. கார் ஷெட்டில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜ்தான் கைக்குக் கிடைத்தது. அதிலும் ஒரு சிக்கல். ஃப்ரிட்ஜ் 3, 4 டிகிரியில் நிற்கப் பிறந்தது. 19 லிட்டர் ஏலை அதற்குள் வைத்தால் ஈஸ்ட் உறங்கிவிடும். அதன் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் 18க்கு வராது.

அதனால் ஃப்ரிட்ஜுக்கும் சுவர்ப் பிளக்குக்கும் நடுவே ஒரு காவல்காரரை நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிரில் வைத்துவிட்டு, மின்சாரத்தையே வெட்டி ஒட்டும் பெட்டி அது. முதலில் பலரிடம் இருந்தது ஜான்சன் கன்ட்ரோல்ஸின் ஏ19: செப்புக் குழாய் நுனியில் ஒரு குமிழ், முகப்பில் ஒரு திருகு. பிறகு எண்கள் தெரியும் ஏ419. இரண்டும் வாரன் ஜான்சன் மில்வாக்கியில் தொடங்கிய அதே நிறுவனத்தின் சரக்கு.

இவற்றின் விலை சிலருக்குக் கட்டவில்லை. அப்போதுதான் சீனாவிலிருந்து எஸ்டிசி-1000 என்ற கைக்கு அடக்கமான கருவி வந்தது. விலை அற்பம். உள்ளே இரண்டு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்: ஒன்று குளிருக்கு, மற்றொன்று சூட்டுக்கு. அமெரிக்கர்களுக்கு ஒரே மனக்குறை, அது செல்சியஸில் மட்டும் பேசும். உறையோ பிளக்கோ இல்லாமல் வெறும் முனைகளோடு வருவதால், வாங்கியவர் பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட்டு, இரண்டு சாக்கெட் பொருத்தி, தாமே ஒயர் இழுக்க வேண்டும். ஒரு சாக்கெட்டில் ஃப்ரிட்ஜ். மற்றதில் பல்லி, பாம்பு வளர்ப்போர் வாங்கும் சூட்டுப் பட்டையோ, காலி பெயின்ட் டப்பாவுக்குள் மாட்டிய குண்டு பல்போ.

பெட்டியைவிடப் பெரிய சர்ச்சை வெப்ப உணரியை எங்கே வைப்பது என்பதில் நடந்தது. காற்றில் தொங்கவிட்டால், கதவைத் திறந்தாலே கம்ப்ரஸர் ஓடும். 19 லிட்டர் திரவமோ அசையாது. தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டி மேலே தடித்த ஸ்பாஞ்சால் மூடினால் பீரின் சூட்டை ஓரளவு சரியாகச் சொல்லும். அப்படியும், கம்ப்ரஸர் நின்ற பிறகு ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் குளிர் பீரைக் குறித்த அளவுக்குக் கீழே இழுத்துப் போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு: நின்ற கம்ப்ரஸரை உடனே மறுபடி கிளப்பினால் மோட்டார் திணறும். அதனால்தான் எஸ்டிசி-1000இல் 1 முதல் 10 நிமிடம் வரை தாமதம் வைக்க வழி உண்டு. வெப்ப இடைவெளியையும் 0.3 டிகிரியிலிருந்து 10 வரை மாற்றலாம். 0.3 என்று வைத்துப் பெருமைப்பட்டவர்கள் கம்ப்ரஸரைச் சீக்கிரமே தேய்த்தார்கள். அரை டிகிரியோ ஒரு டிகிரியோ விட்டுப்பிடிப்பதால் பீர் ஒன்றும் கெட்டுவிடாது.

மென்பொருள் தெரிந்தவர்கள் அத்தோடு விடவில்லை. எஸ்டிசி-1000இன் சில்லில் இருந்த நிரலை அழித்து, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வழியாகத் தங்கள் நிரலை ஏற்றினார்கள்; முதல் வாரம் 10 டிகிரி, பிறகு 16, கடைசியில் பூஜ்யத்துக்கு அருகே என்று அட்டவணைப்படி நகரும் வசதி அதில் வந்தது. 2012இல் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி வெளிவந்ததும், ஆர்டுயினோவோடு அதை இணைத்து பிரூபை என்ற திட்டம் பிறந்தது. பீருக்கு ஒரு உணரி, காற்றுக்கு ஒரு உணரி. கம்ப்ரஸரை எத்தனை நிமிடம் முன்னதாக நிறுத்த வேண்டும் என்பதை அது பழகப் பழகக் கற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். ஆனால் இதே வகைக் கருவிகள் இங்கேயும் முட்டை பொரிக்கும் பெட்டிக்கும் மீன் தொட்டிக்கும் பயன்படுகின்றன. வாங்குவோர் கவனிக்க: 110 வோல்ட் மாடலும் அதே முகத்தோடுதான் வருகிறது. பின்பக்கச் சீட்டில் 220 அல்லது 230 என்று இருக்கிறதா, ரிலே எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்துவிட்டு ஒயரைத் தொடுங்கள்.