புல்வெளி என்னும் பாலைநகர்

'லாஸ் வேகாஸ்' எனும் ஸ்பானியப் பெயருக்குப் புல்வெளிகள் என்பது பொருள். அமெரிக்காவின் நெவாடா பாலைநிலத்தில், 1829-க்குப் பின் வணிகக் கூட்டத்தார் இவ்வூற்றுகளருகே இளைப்பாறினர், தண்ணீருக்கு விலையில்லை. 1905-இல் இரயில் நிறுவனம் மனைகளை ஏலமிட, நகர் பிறந்தது. 1931-இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது.

பின்னாளில் வழிப்போக்கரை ஈர்க்கச் சூதாட்ட விடுதிகள் அறையையும் உணவையும் மிக மலிவாக அளித்தன. சிக்கனமாய்ப் பயணம் செய்த குடும்பங்கள் வயிறார உண்டு வழி தொடர்ந்தன. அவர்களைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும் அந்த மலிவுச் சோற்றின் மீதி விலையை, அடுத்த கூடத்தில் தோற்ற முகமறியா ஒருவரே செலுத்தினார் என்பது நம் நெஞ்சை உறுத்துகிறது. ஆலயமும் இதற்கு விலக்கன்று. 1963-இல் எழுந்த காவல் தூதர் ஆலயத்துக்கு நிலம் ஈந்தவர் சூதாட்ட விடுதி அதிபர் மோ டாலிட்ஸ். காணிக்கைத் தட்டில் காசுக்கு ஈடான சூதாட்ட வில்லைகளும் விழுந்தன.

நகரின் தாகம் பெருகியதால், அதற்கு முந்திய ஆண்டே பழைய ஊற்றுகள் வற்றிவிட்டிருந்தன.