ராமானுஜன் கேம்பிரிட்ஜில் என்ன சாப்பிட்டார்?

இந்த எபிசோடை ராயகிரியில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணேன். பின்னாடி ஆடு கத்துறது ஆடியோவுல கேட்டிருக்கும். எழுத்து வடிவத்துல அந்தத் தொந்தரவு இல்லை.

வெளிநாடு போனா தெரிஞ்ச சாப்பாட்டைத் தேடிப் போகணுமா, இல்ல அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடணுமா? ஆன்சைட் போற எந்த டீம்லயும் இந்தச் சண்டை உண்டு. ஒரு கோஷ்டி மூணு லிட்டர் குக்கர், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாத்தையும் பெட்டியில அடைச்சுட்டுப் போகும். அது தீர்ந்தா நேரா மெக்டொனால்ட்ஸ், ஏன்னா எந்த நாட்டுலயும் அந்த மெனு பயமுறுத்தாது. இன்னொரு கோஷ்டி, "பாரிஸ் வரைக்கும் வந்து பர்கரா?"ன்னு கேட்டுச் சிரிக்கும். இதுக்கு வெளிநாடுதான் போகணும்னு இல்லை. குற்றாலம் சீசன்ல பாருங்க. ஒரு வேன் கட்டுச்சோற்றோட வந்து இறங்கும். அடுத்த கார் அருவியில குளிச்ச ஈரத்தோட பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கு ஓடும்.

ரெண்டு கோஷ்டியும் இதை நாக்கு விஷயமா மட்டும் பார்க்குது. எனக்கு அப்படித் தோணலை. ஏன்னு சொல்றதுக்கு ஒரு கணக்கு மேதையோட அடுப்படிக்குப் போகணும்.

சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17-ம் தேதி மதராசில கப்பல் ஏறினார். கடல் தாண்டுறதே ஆசாரக் குறைவுன்னு நினைச்ச காலம், குடும்பம். ஏப்ரல்ல இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, முதல்ல கணிதவியலாளர் நெவில் வீட்டுல தங்கினார். சில வாரம் கழிச்சு டிரினிட்டி கல்லூரியோட வ்யூவெல்ஸ் கோர்ட்டுக்கு மாறினார். அங்கதான் அவரோட சமையல் ஆரம்பிக்குது. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாம அறையிலேயே தானே சமைச்சுக்கிட்டார். சமைக்கிறதுக்கு முன்னாடி பைஜாமாவுக்கு மாறாம அடுப்புப் பக்கம் போகவே மாட்டாராம். இதை எழுதி வச்சவர் ஹார்டி. அவருக்கு அது ஒரு விநோதப் பழக்கமாத் தெரிஞ்சிருக்கும். நமக்குப் பார்த்தவுடனே புரியும், அது மடி. பட்டு வேட்டிக்குப் பதிலா பைஜாமா, அவ்வளவுதான்.

அந்த அடுப்படியில நடந்த ஒரு சம்பவம் ரொம்பப் பிரபலம். பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தைன்னு பேர் வாங்கின மகலனோபிஸ் அப்ப கிங்ஸ் கல்லூரி மாணவர். ராமானுஜன் அறைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கார். கையில ஸ்ட்ராண்ட் பத்திரிகை. அதுல ஒரு புதிர்: ஒரு தெருவுல 50-க்கு மேல 500-க்குள்ள வீடுகள், 1, 2, 3-ன்னு எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களோட கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் சமம். அது எந்த வீடு? ராமானுஜன் வாணலியைக் கிளறிக்கிட்டே, "எழுதிக்கோங்க"ன்னு ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். 288 வீடு, அதுல 204-வது வீடுங்கிறது ஒரு விடைதான். அவர் சொன்ன பின்னம் இந்த வகையில வரக்கூடிய எல்லா விடைகளையும் வரிசையாத் தரும்.

எல்லாரும் இதுல அந்தப் பின்னத்தைத்தான் வியப்பாங்க. நான் கவனிக்கிறது அந்தச் சாப்பாட்டை. அன்னைக்கு ரெண்டு பேர் சாப்பிட்டாங்க.

ஏன்னா மத்த நாள்ல பெரும்பாலும் அவர் தனி ஆளு. டிரினிட்டி மாதிரி இடத்துல சாப்பாட்டுக் கூடம்னா வயிறு நிரப்புற இடம் மட்டும் இல்லை. நட்பு, வம்பு, ஊர் வழக்கம், எல்லாம் அந்த நீள மேஜையிலதான் கைமாறும். அந்த மேஜைக்குப் போகாதவருக்குச் சின்ன விஷயம்கூடச் சொல்ல ஆள் கிடையாது. குளிர் தாங்கலைன்னு ராமானுஜன் சொன்னதும் மகலனோபிஸ் போய்ப் படுக்கையைப் பார்த்தார். கம்பளி எல்லாம் மெத்தைக்கு அடியில சொருகினபடியே இருக்கு. அதை உருவி உள்ள படுக்கணும்னு தெரியாம, மேலயே ஓவர்கோட்டைப் போட்டுத் தூங்கியிருக்கார் மனுஷன்.

தன் அறைக்கே ஆட்களைக் கூப்பிட்டு மேஜை போடவும் பார்த்தார். நண்பர் சாட்டர்ஜியையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் விருந்துக்கு அழைச்சு, சூப் மாதிரி ஒண்ணு பரிமாறினார். நம்ம கணக்குல அது ரசம். ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டாங்க. மூணாவது தடவை பெண்கள் போதும்னுட்டாங்க. கொஞ்ச நேரத்துல பார்த்தா வீட்டுக்காரரைக் காணோம்! சில நாள் கழிச்சு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வருது, பணம் அனுப்பச் சொல்லி. சிரிப்பா இருக்கும். ஆனா நம்ம வீட்டுல "இன்னும் கொஞ்சம் விட்டுக்கோ"ன்னு சொல்றப்ப தட்டை மூடினா பாட்டி முகம் எப்படி மாறும்னு யோசிங்க.

இங்க காந்தியை நினைக்காம இருக்க முடியலை. 1888-ல லண்டன் போன அவருக்கும் இதே கட்டுதான். புலால் தொடமாட்டேன்னு அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துட்டுப் போனவர். ஆரம்பத்துல அரைப்பட்டினி. தினமும் மைல் கணக்கா நடந்து தேடி, ஃபாரிங்டன் தெருவுல ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடிச்சார். அங்கேயே ஹென்றி சால்ட் எழுதின சைவ உணவு பத்தின புத்தகத்தையும் வாங்கினார். அப்புறம் லண்டன் சைவ உணவுச் சங்கத்தோட செயற்குழுவுல சேர்ந்தார், பேஸ்வாட்டர்ல ஒரு கிளப்பும் ஆரம்பிச்சார். மசாலா இல்லாத வெந்த கீரைகூட அவருக்குப் பிடிச்சுப் போச்சு. வெறும் நாக்கு பழகின கதையா இது? எனக்கு அப்படித் தெரியலை. பக்கத்துல உட்கார ஆள் கிடைச்சது.

ராமானுஜனுக்கு அந்த வாய்ப்பு குறைவு. அவர் போன நாலாவது மாசம் முதல் உலகப்போர். டிரினிட்டியோட ஒரு முற்றமே ராணுவ ஆஸ்பத்திரி ஆச்சு. தெரிஞ்ச பலர் போர் வேலைக்குப் போயிட்டாங்க. மகலனோபிஸ் 1915-ல ஊர் திரும்பிட்டார். ஜெர்மானிய நீர்மூழ்கிகளால இங்கிலாந்துக்கு உணவு வர்றதே சிக்கல், 1918-ல ரேஷன். 1917-ல நோயில விழுந்த ராமானுஜன் மாட்லாக் சானடோரியத்துக்குப் போனார். அங்க சொந்த அடுப்பும் இல்லை. சமையல்காரர் கொடுக்குறது அவருக்கு இறங்கலை. இங்கிலாந்துல வேலை பார்த்த ராமலிங்கம்னு ஒரு தமிழ் இன்ஜினியர் 1918-ல போய்ப் பார்த்துட்டு, இவர் சாப்பாட்டைப் பத்தியே கவலைப்பட்டு ஹார்டிக்கு நீளமாக் கடிதம் எழுதினார். நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆன்சைட்ல இருந்த நம்ம ஆளுன்னு எனக்கு அவர் மேல தனிப் பிரியம்.

"அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பார்"னு சிலர் சுலபமாச் சொல்லிடுறாங்க. அது ரொம்ப அவசரத் தீர்ப்பு. அன்னைக்கு டாக்டர்கள் காசநோய்க்குத்தான் வைத்தியம் பண்ணாங்க. 1994-ல டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை எல்லாம் பார்த்துட்டு, அது கல்லீரலைப் பாதிக்கிற அமீபா நோயா இருக்கலாம்னு எழுதினார். ராமானுஜனுக்கு இந்தியாவிலேயே சீதபேதி வந்திருக்கு, அதோட மிச்சம்ங்கிறது அவர் வாதம். அப்படின்னா சாம்பாரையும் குறை சொல்ல முடியாது, இங்கிலாந்துச் சமையலையும் குறை சொல்ல முடியாது.

1919-ல அவர் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26, மதராஸ் சேத்துப்பட்டுல காலமானார். வயசு 32. லண்டன் ரீஜண்ட் தெருவுல வீராசாமி உணவகம் திறந்தது அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு, 1926-ல.

அந்தக் கடைசி வருஷம் அவரைப் பார்த்துக்கிட்டது மனைவி ஜானகி. அவரும் இங்கிலாந்து வந்து சேர்ந்துக்கிறதாப் பேச்சு இருந்தது, நடக்கலை. மாமியார் கோமளத்தம்மாளுக்கும் அவருக்கும் ஒத்துப்போகலை, கடிதங்கள்கூடப் போய்ச் சேரலை. நீ கூட வந்திருந்தா எனக்கு இந்த நோய் வந்திருக்காதுன்னு அவர் சொன்னதா ஜானகி பிற்காலத்துல நினைவுகூர்ந்திருக்காங்க. அதுக்கப்புறம் தையல் வேலை பார்த்து, திருவல்லிக்கேணியில ரொம்ப வருஷம் வாழ்ந்தாங்க. யங் தன் கட்டுரையை வெளியிட்ட அதே 1994-லதான் அவங்களும் காலமானாங்க.