25 சதமும் வன்னி ஆஸ்பத்திரியும்

வைத்தியச் செலவுக்கு அரசாங்கம் காப்புறுதி செய்து தரட்டும் என்ற யோசனை வன்னியில் பெரிதாக எடுபட்டதில்லை. காரணம் அறியாமையல்ல, அனுபவம். காய்ச்சலுக்குப் பேர்போன இந்தக் காட்டுநிலத்தில் 1940களில் டிடிடி அடித்து மலேரியாவை ஒடுக்கத் தொடங்கியது அரசாங்கம்தான். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் ஆஸ்பத்திரி தேர்தல் பேச்சானது. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிந்தது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டார்கள். சொற்பக் காசுதான், ஆனாலும் நாடெங்கும் வரிசை சுருங்கியது. 1977இல் ஆட்சி மாற அதுவும் போயிற்று.

அரசே நேரடியாக இலவச வைத்தியம் தரவேண்டும் என்ற எண்ணத்தைப் போர்க்காலம் குலைத்திருக்க வேண்டும். குலைக்கவில்லை. கிளிநொச்சி புலிகளிடம் இருந்தபோதும் அரச டொக்டர்மாருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்தே வந்தது. மருந்துதான் அளந்தளந்து வந்தது. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஷெல் விழ, புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் வைத்தியம் தொடர்ந்தது. அரசை நம்பாத சனம் ஆஸ்பத்திரியை நம்பியது, அங்கே நின்ற ஆட்களைப் பார்த்து.

இலவசம் என்பது பெயருக்குத்தானே என்று கேட்கலாம். 2022 நெருக்கடியில் கிளினிக் கொப்பியோடு போனவர்களிடம் துண்டு எழுதிக்கொடுத்து, குளிசையை வெளியே வாங்கச் சொன்னது உண்மைதான். ஆனால் காப்புறுதி பில்லைத்தான் கட்டும். இல்லாத மருந்தையோ விசேட வைத்திய நிபுணரையோ முல்லைத்தீவுக்குக் கொண்டுவராது. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி ஏற்கெனவே உண்டு. அதை வைத்திருப்பவரும் பெரிய சத்திரசிகிச்சை என்றால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோதான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.