லிம்ப் பிஸ்கிட்: இழுபறியில் பிறந்த இசை

ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில், ராக் இசை வேரூன்றிய ஊர். ஆல்மன் பிரதர்ஸ் 1969-இல் அங்கேதான் ஒன்று சேர்ந்தார்கள். லினர்ட் ஸ்கினர்டுக்கும் அதுவே சொந்த ஊர். அங்கே பச்சை குத்திப் பிழைத்துக்கொண்டிருந்த ஃபிரெட் டர்ஸ்ட், 1994-இல் பேஸ் கிட்டாருக்குச் சாம் ரிவர்ஸையும் டிரம்ஸுக்கு ஜாஸ் பயின்ற ஜான் ஓட்டோவையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழு தொடங்கினார். அதுதான் லிம்ப் பிஸ்கிட். கிட்டாருக்கு வெஸ் போர்லாண்ட் வந்தார். ராப் குழுவான ‘ஹவுஸ் ஆஃப் பெயின்’னில் இருந்த டிஜே லீத்தல் பிறகு சேர்ந்தார்.

மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிப்பவன் நான். எந்தப் பாட்டிலும் என் காது முதலில் தேடிப் போவது அடித்தளத்தைத்தான். டர்ஸ்ட்டின் கூச்சலுக்கு அடியில் ரிவர்ஸும் ஓட்டோவும் பிடித்த தாளம் ஹிப்-ஹாப்பின் தாளம். அவசரமில்லாதது, மற்றவர்களுக்கு இடம் விடுவது. அந்த இடத்தில்தான் போர்லாண்ட் சுருதி இறக்கிய ஏழு தந்தி கிட்டாரோடு விளையாடினார். உடம்பெல்லாம் சாயம் பூசி, கண்ணில் கருப்பு லென்ஸ் வைத்து மேடையேறியவர் அவர். டர்ஸ்ட் கூட்டத்தைத் தேடினார். போர்லாண்ட் இதுவரை கேட்காத ஒலியைத் தேடினார். இவர்களின் இழுபறியே அந்தக் குழுவின் இசை என்பது என் கட்சி.

ஜாக்சன்வில்லுக்கு வந்த கோர்ன் குழுவோடு டர்ஸ்ட்டுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அதன் வழியே இவர்களின் டெமோ கேசட் தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன் கைக்குப் போய், 1997-இல் முதல் ஆல்பம் வந்தது. இசை நிறுவனம் போர்ட்லாண்ட் வானொலி நிலையம் ஒன்றுக்கு 5,000 டாலர் கொடுத்து, கட்டண ஒலிபரப்பு என்ற அறிவிப்போடு, ‘கவுண்டர்ஃபீட்’ பாடலை 50 முறை போட வைத்தது. ஜார்ஜ் மைக்கேலின் ‘ஃபெய்த்’தை இவர்கள் தங்கள் பாணியில் பாடியது எம்டிவி ரசிகர்களைப் பிடித்தது. 1999 ஜூனில் வந்த ‘சிக்னிஃபிகன்ட் அதர்’ முதல் வாரத்திலேயே 6 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

அடுத்த மாதம் உட்ஸ்டாக் 99 இசை விழா. பழைய விமானப்படைத் தளம், சுட்டெரிக்கும் வெயில், ஒரு தண்ணீர் பாட்டில் 4 டாலர். இவர்கள் வாசித்த நேரத்தில் கூட்டம் பலகைகளைப் பெயர்த்தது. அந்த விழாவில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகளை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. தீ மூண்டது மறுநாள் இரவு, வேறு குழு மேடையில் இருந்தபோது. ஏற்பாட்டாளர்களின் பேராசைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் கொதித்து நின்ற கூட்டத்தை டர்ஸ்ட் மேலும் உசுப்பியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 2001 ஜனவரியில் சிட்னியில் இவர்களின் கச்சேரி நெரிசலில் சிக்கிய ஒரு சிறுமி சில நாளில் உயிரிழந்தாள்.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் நடுவில்தான் உச்சம் வந்தது. 2000-இல் இணையப் பாட்டுப் பகிர்வு நிறுவனமான நாப்ஸ்டரின் பணத்தில் ரசிகர்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள். அக்டோபரில் வெளியான மூன்றாவது ஆல்பம் ஒரே வாரத்தில் 10 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் விற்றது. அதுவரை எந்த ராக் ஆல்பமும் முதல் வாரத்தில் அவ்வளவு விற்றதில்லை.

2001 அக்டோபரில் போர்லாண்ட் விலகினார். கிட்டார் கடைகளில் ஊர் ஊராகத் தேர்வு நடத்தியும் அந்த இடம் நிரம்பவில்லை. 2003 ஜூலையில் மெட்டாலிகாவோடு போன சுற்றுப்பயணத்தில் சிகாகோ ரசிகர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் வீசி டர்ஸ்ட்டை மேடையைவிட்டு விரட்டினார்கள். செப்டம்பரில் வந்த ‘ரிசல்ட்ஸ் மே வேரி’க்கு விளம்பரம் இருந்தது, போர்லாண்ட் இல்லை, முதல் வாரம் சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம். போர்லாண்ட் திரும்பி வந்து வாசித்து 2005-இல் வெளியான ‘தி அன்க்வெஸ்ச்சனபிள் ட்ரூத்’ அவர்களின் மிக இருண்ட, மிகத் துணிச்சலான படைப்பு. ஆனால் அதை விளம்பரமே இல்லாமல் வெளியிட்டார்கள். முதல் வாரம் சுமார் 37,000 பிரதிகளோடு நின்றது.

மெட்டலும் ஹிப்-ஹாப்பும் கலந்த நு-மெட்டல் அலை ஓய்ந்தது, ரசிகர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். அது பாதிதான். கூட்டம் சேர்க்கும் திறமை 2003-இல் தனியாக நின்று தோற்றது. இசை 2005-இல் தனியாக நின்று தோற்றது. 2009-இல் பழைய ஐவரும் மறுபடி சேர்ந்த பிறகே கச்சேரிகள் நிறையத் தொடங்கின. சாம் ரிவர்ஸ் 2025 அக்டோபரில் காலமானார். அவர் பேஸ் தொடங்கிவைக்கும் ‘ரீ-அரேஞ்ச்ட்’ பாடலைக் கேட்கும் எவரும், இந்தக் குழுவை வெறும் கூச்சல் என்று ஒதுக்க மாட்டார்கள்.