பாறை பூமியும் அசையும்

நம்ம வேடசந்தூர் வட்டாரத்தில் கிணறு வெட்டின விவசாயிகளுக்குத் தெரியும்: கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும், தண்ணீர் அதன் வெடிப்பில்தான் ஊறும். இவ்வளவு கெட்டியான பூமியில் நிலநடுக்கம் ஏது என்று தோன்றும். ஆனால் 1900 பிப்ரவரி 8-ல் கோயமுத்தூர்ப் பக்கம் பூமி பலமாக நடுங்கியது. அதுவும் பாறை நிலந்தான்.

இந்தியாவைத் தாங்கும் பாறைத்தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்ந்து இமயமலைப் பக்கம் முட்டுகிறது. அந்த நெருக்கல் நம் பக்கத்து ஆழ்பாறையின் பழைய பிளவுகளிலும் ஏறும். தாங்காத அன்றைக்குப் பாறை வழுக்கும். (தேதி குறித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்!)

மகாராஷ்டிரத்தில் கில்லாரி என்றொரு ஊர். நம்மைப் போல விவசாயக் கிராமம். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணி வாக்கில் அங்கே நடுக்கம். அளவு 6-க்குச் சற்று மேல். அந்த வட்டாரத்தில் 7,900 பேருக்கு மேல் மாண்டார்கள். 1964-ல் அலாஸ்காவில் வந்தது 9.2; அங்கே ஜனம் குறைவு, மர வீடுகள். இறந்தவர்கள் சுமார் 130 பேர், பெரும்பாலோர் கடலலையில்.

கில்லாரியில் ஆளைக் கொன்றது வீடு. உள்ளும் புறமும் கல் வரிசை, நடுவே மண்ணும் சில்லும். மேலே வெயிலுக்காக ஓரடிக்கு மேல் மண் போட்ட கூரை. சுவர் பிரிந்தது, கூரை இறங்கியது. குடிசையில் படுத்த ஏழைகள் பலர் பிழைத்தார்கள்.

கல்வீடு கட்டுறவங்க கொத்தனார்கிட்டே சொல்லுங்க: சுவரின் முழு அகலத்துக்கும் பாயும் நீளக்கல் நாலடிக்கு ஒன்று, ரெண்டடி உயரத்துக்கு ஒரு வரிசை. கதவுத் தலைமட்டத்தில் நாலு சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை.