வயது வந்த பிள்ளைக்கான ஜீவனாம்சம் (இந்தியா)

பிரிந்து வாழும் தாயோ தந்தையோ, பிள்ளை மேஜரான பிறகும் அதன் பராமரிப்புக்குப் பணம் தரவேண்டிய கடமை. 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் 18 வயது நிறைந்தவர் மேஜர். பொதுவாக ஜீவனாம்சம் அத்துடன் நின்றுவிடும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக் கட்டணம் கட்டத் தொடங்கும் வயதும் அதுவே. செலவு கூடும் வேளையில் கடமை முடிவதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு உள்ளது. உடல், மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத மேஜர் பிள்ளைக்கு இதில் உரிமை உண்டு. வயது உச்சவரம்பு இல்லை. மணமான மகளுக்கு இது பொருந்தாது.

மணமாகாத மகளுக்கு வழி வேறு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, சொந்த வருமானமோ சொத்தோ போதாதவரை அவள் பெற்றோரிடம் கேட்கலாம். திருமணச் செலவும் அதில் அடக்கம். முஸ்லிம் தந்தைக்கு மகள் மணமாகும்வரை கடமை உண்டென 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் எந்த நீதிமன்றத்தில் கேட்பது என்பதிலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. ஹரியானாவின் ரேவாரியில் 2002-இல் ஒரு தாய் பிள்ளைகளுக்காகவும் சேர்த்து மனுப் போட்டார். மகள் 2005-இல் மேஜரானாள். நடுவரின் உத்தரவு 2011-இல் வந்தது, அதுவும் மேஜராகும்வரைக்கான தொகைக்கு மட்டும். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குறைபாடில்லாத மேஜர் மகளுக்கு 125-ஆம் பிரிவில் நடுவர் ஜீவனாம்சம் வழங்க முடியாது, 20-ஆம் பிரிவில் தனியாக வழக்குத் தொடர வேண்டும் என்றது. இரு அதிகாரமும் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் இந்த அலைச்சல் குறையும்.

உடல்நலமுள்ள மகனுக்கு 18-க்குப் பின் நேரடி உரிமை இல்லை. அவன் செலவு தாயின் தலையில் விழுகிறது. 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைக் கணக்கில் கொண்டு, மகன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் தர உத்தரவிட்டது. நியாயமான தீர்வு, ஆனால் தொகை தாயின் பெயரில்தான்.

மேஜராவதற்கு முன் சேர்ந்த பாக்கி தள்ளுபடியாகாது. அதை வாரண்ட் மூலம் வசூலிக்க, தொகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.